துவோல் ஸ்லெங், சொயுங் ஏக்: ஆடியோ கைடு இல்லாமல் போகாதீர்கள்

கம்போடியத் தலைநகர் புனோம் பென் போகிறவர்கள் பெரும்பாலும் அரண்மனை, மத்தியச் சந்தை, துவோல் ஸ்லெங், சொயுங் ஏக் என நான்கையும் ஒரே நாளில் அடுக்கிவிடுகிறார்கள். கடைசி இரண்டும் கெமர் ரூஜ் ஆட்சியின் சிறையும் கொலைக்களமும். அவற்றுக்குத் தலா ஒரு மணி நேரம். அப்படிப் போனால் காலிக் கட்டில்களும் மண்டை ஓடுகளும்தான் கண்ணில் நிற்கும். பதறுவோம், மறுநாள் அங்கோர் பஸ் ஏறுவோம், மறந்துவிடுவோம். உண்மையில் இந்த இரண்டு இடங்களும் காட்டுவது ஓர் அலுவலகத்தை. ஆள் வருகைப் பதிவு, புகைப்படப் பிரிவு, தட்டச்சு, கோப்பு, மேலதிகாரியின் கையெழுத்து என்று ஒழுங்காக நடந்த கொலை அலுவலகம். அதைப் பார்க்க ஒரு முழு நாளும், காதில் ஆடியோ கைடும் வேண்டும்.

பின்னணி சுருக்கமாக. போல் பாட் தலைமையிலான கம்யூனிஸ்ட் இயக்கம் கெமர் ரூஜ். அதன் படை 1975 ஏப்ரல் 17 அன்று தலைநகரைப் பிடித்தது. பிடித்த கையோடு நகரத்தைக் காலி செய்து மக்களை வயல்களுக்கு ஓட்டியது. 1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை உள்ளே வந்தது. இடைப்பட்ட காலத்தைக் கம்போடியர்கள் 'மூன்று வருஷம், எட்டு மாதம், இருபது நாள்' என்று நாள் கணக்காகவே சொல்வார்கள். பசி, நோய், முறிய முறிய வேலை, கொலை என்று இறந்தவர்கள் 15 லட்சம் முதல் 20 லட்சம் வரை. நாட்டில் ஏறக்குறைய நாலில் ஒருவர். நாடெங்கும் சிறைகள் இருந்தன. அவற்றில் கட்சித் தலைமைக்கு நேரடியாகப் பதில் சொன்ன சிறை எஸ்-21, அதாவது துவோல் ஸ்லெங். அங்கிருந்தவர்களைக் கொண்டுபோய்க் கொன்ற இடம் சொயுங் ஏக். 2025 ஜூலையில் இவை இரண்டையும், எம்-13 என்ற பழைய காட்டுச் சிறையையும் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது.

செலவு அதிகமில்லை. வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு நுழைவும் ஆடியோவும் சேர்த்துத் துவோல் ஸ்லெங்கில் 10 டாலர், சொயுங் ஏக்கில் 6 டாலர் என்ற அளவில் இருக்கும். நுழைவுச்சீட்டு மட்டும் வாங்கி ஆடியோவை விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். இரண்டு இடத்திலும் விளக்கப் பலகைகள் குறைவு, இருப்பதும் சுருக்கம். மிச்சம் பிடித்த அந்தச் சில டாலரில் பாதி இடம் ஊமையாகிவிடும். டாலர் நோட்டில் சின்னக் கிழிசலோ மைக்கறையோ இருந்தால் கம்போடியாவில் வாங்க மாட்டார்கள். நல்ல நோட்டாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஆடியோவில் பல மொழிகள் உண்டு, தமிழ் இல்லை. ஆங்கிலம் நிதானமாகவே பேசுகிறது. பள்ளி ஆங்கிலம் தெரிந்தால் போதும், புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடி கேட்கலாம்.

முதலில் துவோல் ஸ்லெங், பிறகு சொயுங் ஏக். கைதிகள் போன வழி அதுதான். மாற்றிப் போனால் குழிகளுக்கு முன்னால் நிற்கும்போது அதில் கிடந்தவர்கள் யாரென்றே தெரியாது. துவோல் ஸ்லெங் காலை 8 மணிக்குத் திறக்கும். திறக்கும்போதே போய்விட்டால் பத்து மணிக்குப் பஸ் கூட்டம் வருவதற்குள் 'ஏ' முதல் 'டி' வரையான கட்டடங்களில் 'சி'வரை முடித்துவிடலாம். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். சாப்பிட்டுவிட்டு மதியம் டுக்டுக் பிடித்தால் நகருக்குத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டர், போக்குவரத்தைப் பொறுத்து முக்கால் மணி நேரத்துக்கு மேலும் ஆகும். செயலியில் பிடிப்பதானால் திரும்பி வரவும் அதே வண்டியைக் காத்திருக்கச் சொல்லிப் பேசிக்கொள்வது நல்லது. சொயுங் ஏக்கில் இரண்டு மணி நேரம். மதியம் மூன்றரைக்குப் பிறகு போய்ச் சேர்ந்தால் ஏரிக்கரைப் பகுதியை ஓட்டமாகத்தான் பார்க்க முடியும்.

தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். துவோல் ஸ்லெங்கில் சிரிக்கும் முகத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட பலகை ஒன்று உண்டு. இதற்கெல்லாமா பலகை என்று தோன்றும். 2016இல் போக்கிமான் கோ விளையாட்டு கம்போடியாவுக்கு வந்தபோது கைப்பேசியோடு உள்ளே பொம்மை பிடிக்க வந்தவர்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. பலகைக்குக் காரணம் இருக்கிறது.

துவோல் ஸ்லெங் முன்பு ஓர் உயர்நிலைப் பள்ளி. மூன்று மாடிக் கட்டடங்கள், நடுவில் மைதானம், நிழல் மரங்கள். நம்மூர் அரசுப் பள்ளிகள் மாதிரியே வெளியே நீள வராந்தா. சிறைத் தலைவராக இருந்த காயிங் குவெக் ஏவ், எல்லோரும் சொல்வது டூச், முன்பு கணக்கு வாத்தியார். விசாரணைப் பிரிவின் முக்கிய ஆட்களிலும் வாத்தியார்கள் இருந்தார்கள். மைதானத்தில் மாணவர்கள் கயிறு ஏறிப் பழகிய மரச்சட்டம் இன்னும் நிற்கிறது. அதில்தான் கைதிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள், கீழே இருக்கும் பானைகளில் தலையை முக்கினார்கள்.

'ஏ' கட்டடத்தில் ஒவ்வொரு அறையிலும் ஓர் இரும்புக் கட்டில், கால் விலங்கு, மலம் கழிக்கக் கொடுத்த தோட்டாப் பெட்டி, சுவரில் 1979 ஜனவரியில் அந்த அறையைக் கண்டபடி எடுத்த படம். அப்போது கிடைத்த உடல்கள் 14. அவர்களுடைய கல்லறைகள் வாசலிலேயே இருக்கின்றன. பெரும்பாலோர் இங்கேயே அரை மணி நேரம் நின்றுவிட்டு அடுத்த கட்டடங்களை அவசரமாக முடிக்கிறார்கள். நேர்மாறாகச் செய்யுங்கள். இங்கே பத்து நிமிடம் போதும்.

நேரம் கொடுக்க வேண்டியவை 'பி'யும் 'சி'யும். கைதி வந்ததும் உட்கார வைத்துப் படமெடுத்த நாற்காலியைத் தேடிப் பாருங்கள். முதுகுச் சாய்மானத்துக்குப் பின்னால் ஒரு கம்பி, தலையின் பின்புறத்தைத் தாங்க. எல்லாப் படத்திலும் முகம் கேமராவுக்கு ஒரே தூரத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. கொல்லப்போகிற ஆளின் படத்தில் ஃபோகஸ் சரியாக இருக்க வேண்டும் என்று ஒருவர் யோசித்து, ஒருவர் வரைந்து, ஒருவர் பற்றவைத்திருக்கிறார். சித்திரவதைக் கருவிகளைவிட இந்த நாற்காலி அதிகம் சொல்லும்.

படம் எடுத்த பிறகு வாழ்க்கைக் குறிப்பு. பிறந்தது முதல் கைதானது வரை. அப்புறம் வாக்குமூலம். இங்கேதான் ஆடியோவைக் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் கொலை எண்ணிக்கை ஏன் ஏறியது என்பதற்குப் பதில் இதில் இருக்கிறது. கட்சி ஹெக்டேருக்கு மூன்று டன் நெல் என்று இலக்கு வைத்தது. விளையவில்லை. திட்டம் தவறாக இருக்க முடியாது என்பதால், யாரோ கெடுக்கிறார்கள் என்றானது. கெடுப்பவரைக் கண்டுபிடிக்கும் வேலை எஸ்-21க்கு வந்தது. கைதி தன்னை சிஐஏ, கேஜிபி அல்லது வியட்நாம் உளவாளி என்று எழுத வேண்டும், கூட்டாளிகளின் பெயரையும் எழுத வேண்டும். போதவில்லை என்றால் திருப்பி அடித்து மறுபடி எழுத வைப்பார்கள். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில். ஒவ்வொரு வாக்குமூலத்தின் கடைசிப் பக்கமும் அடுத்த கைதுப் பட்டியல். அடிக்கு ஆள் பெயர் வரும், பெயருக்கு ஆள் வரும், அந்த ஆளுக்கும் அடி. இந்தச் சுற்று தானாக நிற்க வழியே இல்லை. அதனால்தான் பிற்காலத்தில் சிறைக்கு வந்தவர்களில் பெரும்பகுதி கட்சிக்காரர்களும் அவர்கள் குடும்பமும். சிறையின் காவலர்களும் விசாரணைக்காரர்களும்கூட அதே நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

'சி' கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வகுப்பறைக்குள் செங்கல் வைத்துக் கட்டிய அறைகள். அகலம் முக்கால் மீட்டருக்குச் சற்று மேல், நீளம் இரண்டு மீட்டர். கலவை பிதுங்கி வழிந்து காய்ந்த அவசரக் கட்டுமானம். வகுப்புக்கு வகுப்பு சுவரை உடைத்து வழி விட்டிருப்பதையும் கவனியுங்கள், ஒரு காவலர் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்க்கலாம். வராந்தாவை மூடி முள்கம்பி வலை. தப்பிக்காமலிருக்க என்றுதான் முதலில் தோன்றும். மாடியிலிருந்து குதித்துச் சாகாமலிருக்கப் போட்டது அது. வாக்குமூலம் முடியும் முன் கைதி செத்தால் கோப்பு பாதியில் நின்றுவிடும்.

உயிர் தப்பியவர்களை விரல்விட்டு எண்ணலாம். தப்பிய காரணமும் அலுவலகக் காரணம்தான். சும் மே இயந்திரம் பழுதுபார்க்கத் தெரிந்தவர், அங்கிருந்த தட்டச்சு இயந்திரங்களைச் சரிசெய்தார். வன் நாத், பூ மெங் இருவரும் ஓவியர்கள், போல் பாட்டின் உருவத்தை வரையத் தேவைப்பட்டார்கள். 'டி' கட்டடத்தில் சித்திரவதைக் கருவிகளுக்குப் பக்கத்தில் வன் நாத் பிற்பாடு வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. கருவி எப்படி வேலை செய்தது என்று அவற்றைப் பார்த்தால்தான் புரியும்.

எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்பதில் வெவ்வேறு எண்கள் கேட்டுக் குழம்ப வேண்டாம். டூச்சுக்கு 2010இல் தண்டனை தந்த சிறப்பு நீதிமன்றம் குறைந்தது 12,272 பேர் என்றது. பட்டியல்களில் பெயர் கிடைத்தவர்களை மட்டும் வைத்துச் சொன்ன அடிமட்ட எண் அது. பட்டியலில் ஏறாத குழந்தைகளையும், தொலைந்த தாள்களையும் கணக்கில் எடுக்கும் ஆய்வாளர்கள் இதைவிடக் கூடுதலாகச் சொல்வார்கள். டூச்சுக்கு முதலில் 35 ஆண்டு, மேல்முறையீட்டில் 2012இல் ஆயுள் தண்டனை. 2020இல் காவலில் இறந்தார். வாக்குமூலங்களின் ஓரத்தில் அவர் கையாலேயே எழுதியிருந்த குறிப்புகள்தான் அவருக்கு எதிரான பலமான சாட்சி. வியட்நாம் படை வந்த அன்று எரிக்க நேரமில்லாமல் கோப்புகளை விட்டு ஓடினார்கள். அந்த ஆவணத் தொகுப்பு 2009இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியது.

'பி' கட்டடத்துப் படங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பலகை பலகையாக ஆயிரக்கணக்கான முகங்கள், பலருக்குப் பெயர் தெரியாது. 2021 ஏப்ரலில் வைஸ் இணையதளம் இந்தப் படங்களில் சிலவற்றை வண்ணம் பூசி வெளியிட்டது. வண்ணத்தோடு நிற்காமல் சில முகங்களில் சிரிப்பையும் ஒட்டியிருந்தார்கள். கம்போடியாவின் பண்பாட்டு அமைச்சகமும் குடும்பத்தாரும் கொதித்தார்கள், கட்டுரை நீக்கப்பட்டது. மூலப்படம் சுவரில் இருந்ததால்தான் பொய் ஒரு சில நாளில் பிடிபட்டது. எந்த முகத்தையும் யாரும் கைப்பேசியிலேயே சிரிக்க வைக்கக்கூடிய காலத்தில், இந்தச் சுவரின் வேலை 1980இல் இருந்ததைவிட இப்போது அதிகம்.

குறைகளுக்கு வருவோம். இந்த அருங்காட்சியகத்தை அமைத்தவர் மாய் லாம் என்ற வியட்நாம் ராணுவ அதிகாரி. சைகோனில் போர் அருங்காட்சியகம் அமைத்த அதே கை. 1980இல் திறந்தபோது அதன் அவசர வேலை, வியட்நாம் படையெடுப்பு நியாயம்தான் என்று உலகத்துக்குக் காட்டுவது. புதிய அரசிலும் முன்னாள் கெமர் ரூஜ் ஆட்கள் இருந்ததால், குற்றம் முழுவதையும் போல் பாட்டும் சிலரும் என்ற சின்னக் கும்பலின் மேல் இறக்கி வைக்க வேண்டியிருந்தது. மண்டை ஓடுகளால் செய்த கம்போடிய வரைபடம் ஒன்று பல ஆண்டுகள் சுவரில் தொங்கியது, 2002இல்தான் கழற்றினார்கள். அந்தப் பழைய வார்ப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. 1975க்கு முந்தைய அமெரிக்கக் குண்டுவீச்சு, 1970 ஆட்சிக் கவிழ்ப்பு, 1979க்குப் பிறகும் ஐ.நா.வில் கம்போடியாவின் இருக்கை கெமர் ரூஜ் தரப்பிடமே இருந்தது ஆகியவற்றுக்கு இன்னும் இடம் தந்திருக்கலாம். (இந்தியா 1980 ஜூலையிலேயே புனோம் பென்னின் புதிய அரசை அங்கீகரித்தது. கம்யூனிஸ்ட் அல்லாத நாடுகளில் அப்போது அப்படிச் செய்தது அரிது.)

2015இல் வளாகத்தில் எழுப்பிய நினைவுத் தூபியைச் சுற்றிக் கல் பலகைகளில் இறந்தவர்களின் பெயர்கள். அங்கேயும் ஒரு சிக்கல். நேற்றுவரை அடித்துவிட்டுப் பிறகு தானே கைதியாகிச் செத்தவர், அவரிடம் அடி வாங்கிச் செத்தவர், இருவர் பெயரும் ஒரே கல்லில். சில குடும்பங்களுக்கு இது ஒப்பவில்லை. எங்கள் கருத்தில் பிரித்திருந்தால்தான் பொய்யாகியிருக்கும். ஆனால் இந்த விஷயத்தை அங்கே வருகிறவருக்கு இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

துவோல் ஸ்லெங்குக்கு வைத்த 'இனப்படுகொலை' அருங்காட்சியகம் என்ற பெயரும் சட்டப்படி இடறுகிறது. 1948 உடன்படிக்கையின்படி தேசிய, இன, மத அடையாளத்துக்காக ஒரு குழுவை அழிப்பதே இனப்படுகொலை. எஸ்-21இல் கெமர் மக்களைக் கெமர் மக்களே கொன்றது பெரும்பாலும் மானுடத்துக்கு எதிரான குற்றம் என்ற தலைப்பில் வரும். அதே சிறப்பு நீதிமன்றத்தின் 2018 நவம்பர் 16 தீர்ப்பில், கட்சியில் போல் பாட்டுக்கு அடுத்த இடத்தில் இருந்த நுவோன் சியா மேல் இனப்படுகொலைக் குற்றம் உறுதியானது சாம் முஸ்லிம்களையும் வியட்நாமியரையும் அழித்ததற்காக. அந்த ஆட்சியில் நாட்டுத் தலைவராக இருந்த கியூ சம்பன் மேல் வியட்நாமியர் விஷயத்தில் மட்டும். சாம் மக்களைத் தொழ விடவில்லை, பன்றி இறைச்சி தின்ன வைத்தார்கள், ஊர் ஊராகப் பிரித்துச் சிதறடித்தார்கள். பெயர் வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே சொல்லில் போட்டு மூடினால் சாம்கள் மறைந்துபோவார்கள்.

சொயுங் ஏக் முன்பு சீன இடுகாடும் பழத்தோட்டமும். இங்கே ஆடியோ உண்மையிலேயே உயர்தரம். 19 நிறுத்தங்கள். பார்க்கக் கட்டடம் எதுவும் மிச்சமில்லை, 1979க்குப் பிறகு மக்கள் மரத்துக்காகவும் தகரத்துக்காகவும் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். எனவே காலி இடத்தில் நின்று காதால் கேட்பதே வழி. லாரி வந்து நின்ற இடம் முதலில். மாதம் இரண்டு மூன்று முறை வரும், ஒன்றில் 20, 30 பேர், கண் கட்டி. வேறு வீட்டுக்கு மாற்றுகிறோம் என்று சொல்லித்தான் ஏற்றுவார்கள். பிற்பாடு ஒரே நாளில் 300 பேருக்கு மேல் வந்தார்கள், ஒரே இரவில் முடிக்க முடியவில்லை. அதற்காக மறுநாள்வரை அடைத்து வைக்க ஒரு கொட்டகை கட்டினார்கள். வேலை தேங்கியது, கொட்டகை போட்டார்கள். அவ்வளவுதான்.

தோட்டாவுக்குக் காசு என்பதால் மண்வெட்டி, இரும்புக் கம்பி, வண்டி அச்சு என்று கையில் கிடைத்ததால் கொன்றார்கள். அடுத்து ஒரு பனை மரத்தின் முன்னால் நிறுத்துவார்கள். நம் பனையேதான், அதே இனம். மட்டையின் இரு ஓரக் கருக்கால் கழுத்தை அறுத்த கதையைச் சொல்லும். வெளிநாட்டவர் அந்தக் கருக்கைத் தொட்டுப் பார்த்து வியப்பார்கள். பனங்காட்டில் விளையாடிக் கையைக் கிழித்துக்கொண்ட யாருக்கும் விளக்கமே வேண்டியிருக்காது. குழந்தைகளை அடித்துக் கொன்ற மரத்தில் வருகிறவர்கள் கட்டிய நூல் வளையல்கள் தொங்குகின்றன. அந்த நிறுத்தத்தில் ஆடியோ அதிகம் பேசாமல் விடுவது நல்ல தீர்மானம்.

129 குழிகளில் 86ஐத் தோண்டினார்கள், 43ஐ அப்படியே விட்டார்கள். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலத்தில் மண் கரைந்து துணித் துண்டும் எலும்பும் பல்லும் மேலே வரும். பாதையிலேயே கிடக்கலாம். மிதிக்காதீர்கள், எடுக்காதீர்கள், ஊழியர்கள் அவ்வப்போது சேகரிப்பார்கள். மழை நாளில் வழுக்காத செருப்பு அவசியம். ஏரியைச் சுற்றிய கரையில் கூடுதல் சாட்சியங்களைக் கேட்கலாம். நேரமில்லாதவர்கள் முதலில் வெட்டுவது இதைத்தான், வெட்டக் கூடாததும் இதுவே. பெஞ்சில் உட்கார்ந்து குறைந்தது இரண்டையாவது கேளுங்கள்.

1988இல் கட்டிய கண்ணாடித் தூபிக்குள் மண்டை ஓடுகள் அடுக்கடுக்காக. செருப்பையும் தொப்பியையும் கழற்றிவிட்டுப் போக வேண்டும். ஓடுகளில் சின்ன வண்ணப் பொட்டுகள் ஒட்டியிருக்கும். வயது, ஆணா பெண்ணா, எந்த ஆயுதம் என்று நிறத்துக்கு ஒரு பொருள், விளக்க அட்டை பக்கத்திலேயே இருக்கிறது. அட்டையைப் படித்துவிட்டுப் பார்த்தால் குவியலாகத் தெரிந்தது தனித்தனி ஆளாகத் தெரியும். இப்படி எலும்பைக் காட்சிக்கு வைக்கலாமா என்ற சண்டை பழையது. மன்னர் சிஹானூக் பௌத்த முறைப்படி தகனம் செய்யச் சொன்னார், அரசு சாட்சியம் வேண்டும் என்று மறுத்தது. இறந்தவருக்குக் கொள்ளி வைக்காமல் விட்டால் மனசு ஆறாது என்பது நமக்கும் தெரிந்த நியாயம்தான். 2005இல் இந்த இடத்தின் நிர்வாகத்தை ஒரு ஜப்பானிய நிறுவனத்துக்கு 30 ஆண்டுக் குத்தகைக்கு விட்டதும் பலரை உறுத்தியது. பராமரிப்பு நன்றாக இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நினைவு என்பதும் அரசியல் கையில் மாறிக்கொண்டே இருக்கிறது. 1998இல் கெமர் ரூஜ் தலைவர்கள் சரணடைந்தபோது, குழி தோண்டிப் பழசைப் புதைப்போம் என்றார் அப்போதைய பிரதமர் ஹுன் சென். அதே அரசு 2013இல் அந்தக் குற்றங்களை மறுப்பதே குற்றம் என்று சட்டம் போட்டது, அதுவும் எதிர்க்கட்சியோடு மோதல் சூடாக இருந்த தேர்தல் நேரத்தில். 2009க்கு முன் பள்ளிப் புத்தகத்தில் இந்தக் காலத்துக்குச் சரியான பாடமே இல்லை. வீட்டில் பாட்டி சொன்னதைப் பேரப்பிள்ளை நம்பாத நாடாக அது இருந்தது. இப்போது உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் சீருடையில் வரிசையாக வருவதைப் பார்க்கலாம். அவர்கள் வந்தால் வழிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், இடம் அவர்களுடையது.

14 வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் துவோல் ஸ்லெங்குக்குக் கூட்டிப்போக வேண்டாம். சொயுங் ஏக்கின் திறந்தவெளி ஓரளவு பரவாயில்லை, ஆனால் தூபியும் அந்த மரமும் உண்டு. தண்ணீர், தொப்பி, ஹெட்ஃபோனைத் துடைக்க டிஷ்யூ கையில் இருக்கட்டும். ஆடியோ கருவியில் எண்ணை அமுக்கி ஒரு நொடி பொறுங்கள். படபடவென்று அமுக்கினால் வேறு நிறுத்தத்துக்குத் தாவிவிடும், இடத்துக்கும் கதைக்கும் பொருந்தாமல் போகும். துவோல் ஸ்லெங் வளாகத்தில் உயிர் தப்பியவர்கள் மேசை போட்டுத் தங்கள் புத்தகங்களை விற்பதுண்டு. வயதானவர்கள், எல்லா நாளும் இருக்க மாட்டார்கள். இருந்தால் வணக்கம் சொல்லி வாங்குங்கள், கேட்காமல் படமெடுக்க வேண்டாம்.

சொயுங் ஏக்கிலிருந்து வெளியே வந்ததும் சில டுக்டுக்காரர்கள், பக்கத்தில் ராணுவத் துப்பாக்கி சுடும் இடம் இருக்கிறது, போகலாமா என்று கேட்பார்கள். காலையிலேயே வண்டி பேசும்போது அது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் திரும்பும் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வருவார்கள்.